இடைவேளையில் எதிரே வந்தவர்

அந்த அறிவிப்பு வந்தபோது நான் சிறுசேரியிலிருந்து திரும்பும் ஆபீஸ் பஸ்ஸில் இருந்தேன். வண்டலூர் சாலையில் வழக்கமான நெரிசல். எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் சங்கத் தலைவர் போட்டிருந்தார்: "பாதுகாப்பு மற்றும் தற்போதைய அரசியல் சூழ்நிலை கருதி, இந்த ஆண்டு கால்பந்துப் போட்டிக்கு வெளியூர் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. வெளியூர் அணிகளின் ஆட்டக்காரர்கள் மட்டும் வரலாம். ஒத்துழைக்கவும்."

கீழே கட்டைவிரல்கள் விழத் தொடங்கின. "சரியான முடிவு சார்" என்று ஒருவர். "குழந்தைகளின் பாதுகாப்பே முக்கியம்" என்று இன்னொருவர். அதை மறுக்க என்னால் முடியாது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவள் தும்மினால்கூட நான் தெர்மாமீட்டரைத் தேடுகிறவள். பதிலாக ஏதோ தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டேன்.

வெளியூர் ரசிகர்கள் என்று அவர்கள் சொன்ன கூட்டத்தில் என் தகப்பனாரும் ஒருவர் என்பது அந்தக் குழுவில் யாருக்கும் தெரியாது.

நான் கோவளத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். படகுக்காரர்களுக்குக் கயிறு, வலை, இன்ஜின் ஆயில் விற்கும் கடை வைத்திருக்கிறார். என்னைப் பொறியியல் படிக்க வைத்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே சிறுசேரியில் வேலை கிடைத்தபோது தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தார். அதே ஆபீஸில் வேலை செய்த, பீர்க்கன்கரணையைச் சேர்ந்த ஓர் இந்துப் பையனை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். திட்டவில்லை, சபிக்கவில்லை. அதனால் சமாதானம் சொல்லவும் எனக்கு இடமில்லாமல் போயிற்று. கல்யாணமான புதிதில் ஒருமுறை கோவளம் போனேன். அம்மா ஜன்னல் வழியாகவே, "அவர் சாப்பிட வர்ற நேரம்மா, போயிடு" என்றாள். அவள் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. நான் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குடியிருப்பில் ஒரு மைதானம் உண்டு. மனைப்பிரிவு போட்ட காலத்தில் பொது இடமாக விட்டது. பிறகு சுற்றிலும் பிளாக்குகள் எழும்பி, கேட்டும் காவலாளியும் வந்து, இப்போது மைதானத்துக்குப் போக எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். மழைக்காலம் முடிந்து தரை காய்ந்ததும் அங்கே கால்பந்துப் போட்டி நடக்கும். எங்கள் அணியில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு மட்டும் பயிற்சி. என் கணவர் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர். சட்டை எண் ஐந்து.

கோவளம் அணி வரும் நாள்தான் பெரிய நாள். குட்டியானை சரக்கு வண்டிகளில் நின்றுகொண்டே வருவார்கள். கேளம்பாக்கம் தாண்டியதிலிருந்து மேளம் அடித்துக்கொண்டு வருவார்களாம். எங்களுக்குக் கேட்பது பெருங்களத்தூர் பக்கம் திரும்பும்போது. கேட்டதும் எங்கள் பிளாக்கில் பால்கனிகள் நிறையும்.

இந்தப் போட்டியில் ஒரு பழக்கம் உண்டு. யார் தொடங்கியதென்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தரப்பும் தன் கோல்கீப்பருக்குப் பின்னால்தான் நிற்கும். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும் அல்லவா, அப்போது ரசிகர்களும் மாறவேண்டும். இரண்டு கூட்டமும் மைதானத்தின் ஓரமாக எதிரெதிரே நடக்கும். வேப்பமரத்தடியில் ஒன்றையொன்று கடக்கும். கடக்கும்போது கேலி பறக்கும். ஆனால் கை நீளக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, வந்த ஊர்க்காரர்கள் உள்ளூர்க் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டே போவார்கள். மிட்டாய் இருக்கும் கையால் யாரும் சண்டை போட மாட்டார்கள் என்று என் கணவர் சொல்வார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் போட்டியில் நான் ஆறு மாதக் கர்ப்பிணி. கூட்டத்துக்குப் போகவேண்டாமென்று டாக்டர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டு, பிறகு நானே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்க் கோலுக்குப் பின்னால் முழுக்கைச் சட்டையில் அத்தா நின்றிருந்தார். அவருக்குக் கால்பந்து பிடிக்கும் என்று தெரியும். கடையை மூடிவிட்டு இவ்வளவு தூரம் வருகிற அளவுக்குப் பிடிக்கும் என்று தெரியாது.

அவர் பக்கத்தில் நின்ற மேளக்காரர்தான் கோவளத்தின் வாய். "யோவ் அஞ்சாம் நம்பரு! இன்னாபா, ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டிகினு இருக்கறதா நெனப்பா? பால் இங்க கீது!" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போது இன்னொரு குரல் வந்தது. சிறுவயதில் என்னைத் தெருமுனையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்ட குரல்.

"அஞ்சாம் நம்பர்! லேஸ் அவுந்துகிடக்கு, கட்டு! வுழுந்து கால ஒடச்சிக்கினா வூட்ல இருக்கறவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

கூட்டத்துக்கு அதுவும் ஒரு கேலிதான். என் கணவர் நின்று, குனிந்து, லேஸைக் கட்டினார். கத்தியவர் யாரென்று நான் அவருக்கு ஏற்கெனவே கை காட்டியிருந்தேன். "உங்கப்பா என்கிட்ட பேசிட்டாரு" என்றார் அன்று மாலை, ஏதோ பரிசு வாங்கியவர் போல.

அந்த இடைவேளையில் அத்தா என்னைக் கடந்து போனார். என் நாற்காலியைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தாரா என்று தெரியாது. பின்னால் வந்த மேளக்காரர் என் மடியில் இரண்டு கடலை மிட்டாயைப் போட்டார்.

"இந்தாக்கா. பெரியவர் குடுக்கச் சொன்னாரு."

"எந்தப் பெரியவர்?"

"எனக்கின்னா தெரியும்? கோவளத்துல எல்லாரும் பெரியவங்கதான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த ஆண்டு மகள் கையில் இருந்தாள். வேப்பமரத்தடியில் அத்தா நின்றார். பிள்ளை பிறந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேரீச்சம்பழத்தை மசித்து நாக்கில் தடவுவது எங்கள் வழக்கம். என் மகளுக்கு அதைச் செய்ய யாரும் வரவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கொட்டை எடுத்த பழம். விரலால் நசுக்கி அவள் உதட்டுக்குள் தொட்டார். அவள் முகம் சுளித்து, பிறகு சப்பினாள். "இன்னும் பல்லு வரல" என்று மரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். அவர் வாய் முணுமுணுத்தது; ஏதோ ஓதியிருப்பார்.

மைதானத்து மண்ணைத் தொட்ட கை அது. பிள்ளைக்கு வயிறு கெட்டுவிடுமோ என்று இரண்டு நாள் ஒவ்வொரு நாப்கினையும் கவலையோடு பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏன் அங்கே மட்டும் அவரால் முடிந்தது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் என்னை மன்னித்ததாகிவிடும். அவர் வீட்டுக்குள் என்னை விட்டாலும் அப்படித்தான். மைதானத்தில் அவர் கோவளத்து ரசிகர், நான் தாம்பரத்துப் பக்கத்துப் பெண், என் மகள் மிட்டாய்க்குக் கை நீட்டும் குழந்தைகளில் ஒருத்தி. யாரும் யாரையும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. நானும் வேப்பமரத்தடியில் கடந்துபோகும் அந்த ஒரு நிமிடத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருந்தேன். அதை வெளியே சொன்னால் கெட்டுவிடும் என்று பயந்து அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மூன்றாம் ஆண்டுதான் கல் விழுந்தது.

தேர்தல் நெருங்கிய நேரம். அக்கம்பக்கத்தில் ஊர்வலப் பாதை பற்றி ஏதோ தகராறு நடந்து, போனில் எது வந்தாலும் அதுதான் பேச்சாக இருந்தது. இடைவேளை விசில் ஊதி இரண்டு கூட்டமும் நடக்கத் தொடங்கியபோது, கேட் வழியாக மூன்று நான்கு பைக்குகள் உள்ளே வந்தன. ஒரு கட்சிக் கொடி. அவர்கள் எங்கள் பிளாக்குக்காரர்கள் இல்லை, கோவளத்துக்காரர்களும் இல்லை. கோஷம் போட்டார்கள். கோவளம் பக்கத்திலிருந்து ஒருவன் பதிலுக்கு ஏதோ கத்தினான். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்தது. அப்புறம் அரைச் செங்கல் ஒன்று. அது எங்கள் பக்கம் நின்றிருந்த காரின் முன்கண்ணாடியில் விழுந்தது.

மகள் அப்போது நடக்கக் கற்றிருந்தாள். என் கையை விட்டுவிட்டு, பழத்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் போயிருந்தாள். நான் அவளிடம் ஓடுவதற்குள் அத்தா அவளைத் தூக்கிவிட்டார். தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வந்து என் கையில் கொடுத்தார். "உள்ள போ" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் அவர் சொன்ன முதல் சொற்கள் அவை. நான் உள்ளே போனேன். மாடி ஏறி, கதவைத் தாழிட்டு, மகளின் தலையைத் தடவித் தடவிப் பார்த்தேன். அவள் சட்டையில் அத்தாவின் கடை வாசனை, புதுக் கயிறும் எண்ணெயும் கலந்தது. துவைக்காமல் வைத்திருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நான் எதையும் துவைக்காமல் வைப்பவள் இல்லை.

அதனால்தான் தடை பற்றி என்னிடம் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்தச் செங்கல் ஓர் ஆள் தூரம் தள்ளி விழுந்திருந்தால் இதை எழுதும் மனநிலை எனக்கு இருந்திருக்காது. அதே நாளில்தான் அவர் அவளைத் தூக்கினார்.

நான்காம் ஆண்டுப் போட்டிக்கு முன்னால் சங்கக் கூட்டம் நடந்தது. முந்தின வாரம் காவல் நிலையத்திலிருந்து வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்களாம், வெளிக்கூட்டம் வேண்டாமென்று. சமுதாயக் கூடத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"நாம யாருக்கும் எதிரி இல்ல. ஆனா ஏதாவது ஒண்ணு நடந்தா பொறுப்பு யாரு?" என்றார் தலைவர். நல்ல மனிதர். கொரோனா சமயத்தில் வீடு வீடாக மருந்து வாங்கிக் கொடுத்தவர்.

"ஃபேன்ஸ் இல்லாம அது என்ன மேட்ச் சார்? ப்ராக்டிஸ்னு சொல்லுங்க" என்றார் எங்கள் அணியின் கோல்கீப்பர்.

"கல்லு எறிஞ்சது கோவளத்துக்காரங்கன்னு யார் பாத்தது?" என்று ஒரு குரல்.

"யார் எறிஞ்சா என்ன சார்? கண்ணாடி என்னுதுதானே!" என்றார் காரின் சொந்தக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் எழுந்து, "பைக்ல வந்தவங்களை விட்டுட்டு வேன்ல வந்தவங்களைத் தடுக்கறது நியாயமா? ஆனா எலெக்‌ஷன் சூடு ஒரு வருஷம் ஆகியும் ஆறலையே. இந்த ஒரு வருஷம் வேண்டாம்னுதான் எனக்கும் தோணுது" என்றார். அவர் இரண்டு பக்கமும் பேசியதை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். என் மனசும் அப்படித்தான் இருந்தது.

தலைவர் என் பக்கம் கை காட்டினார். "இதோ, சின்னக் குழந்தையோட வந்திருக்காங்க. போன வருஷம் இவங்க பாப்பா அங்கதான் இருந்துது. அவங்களையே கேளுங்க, பயமா இருக்கா இல்லையான்னு."

எல்லாரும் திரும்பினார்கள்.

"பயமாத்தான் சார் இருக்கு" என்றேன். தலைவர் தலையாட்டினார். நான் நிறுத்தவில்லை. "ஆனா வயசானவங்களை மட்டுமாவது விடலாமே சார். ரெண்டு பக்கமும் கயிறு கட்டிடலாம். ஆப்-டைம்ல நடக்கறதுகூட வேண்டாம். அவங்க அவங்க இடத்துலயே நிக்கட்டும்."

எனக்கு இருந்த ஒரே வழியை நானே விட்டுக்கொடுத்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் அவர் நின்றால்கூடப் போதும், இந்தக் கோடியிலிருந்து மகளைத் தூக்கிக் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

"வயசானவங்கன்னு எப்படிமா பிரிக்கறது? கேட்ல நின்னு நரைச்ச தலையா எண்ணுவோமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் மரியாதையாகவே, "மேடம் ஓனரா, டெனன்ட்டா?" என்றார்.

"டெனன்ட்."

"சஜஷனா எடுத்துக்கறோம் மேடம். ஓட்டு ஓனர்ஸுக்கு மட்டும்தான்."

கைகளை உயர்த்தினார்கள். தடை நிறைவேறியது. எனக்கு ஓட்டு இருந்திருந்தால் எந்தப் பக்கம் கையைத் தூக்கியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ முறை கேட்டுக்கொண்டேன். என் அத்தா அந்தக் கூட்டத்தில் இல்லையென்றால் தடைக்குத்தான் தூக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அந்த வண்டிகளில் வந்த மற்றவர்களுக்கும் இங்கே யாராவது இருந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றியிருக்காது.

பஸ்ஸில் அறிவிப்பைப் படித்த அன்று மாலை என் கணவர், "நான் ஆடல. உங்கப்பா கத்தாத மேட்ச் எனக்கெதுக்கு?" என்றார்.

"நீயும் இல்லன்னா, வந்து யாரைத் தேடுவாரு?"

"அவரால வரவே முடியாதே."

"வந்துட்டா?"

அவர் ஷூவைத் தேடி எடுத்தார்.

போட்டி நாள். கேட்டில் கயிறு கட்டியிருந்தார்கள். போலீஸ் ஜீப் ஒன்று ஏரிக்கரையில் நின்றது. குடியிருப்புக்காரர்கள் தவிர வேறு யாராவது உள்ளே வரவேண்டுமென்றால், காவலாளி தன் போனில் வீட்டு எண்ணைப் போட்டுக் கேட்பார். வீட்டில் இருப்பவர் போனில் சம்மதம் தட்டவேண்டும். நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சார்ஜ் முழுசாக இருந்தது. சத்தம் முழுசாக இருந்தது.

கோவளத்திலிருந்து ஒரே ஒரு வண்டி வந்தது. ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். மேளம் இல்லை. எதிர்க் கோலுக்குப் பின்னால் வெறும் சுவர். பந்தை உதைக்கும் சத்தமும் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தமும் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் பக்கம் கைதட்டினார்கள். பதிலுக்குக் கத்த ஆளில்லாததால் அது தானாகவே அடங்கியது. என் கணவர் பந்தைத் துரத்தும்போது தடுக்கி விழுந்தார். லேஸ் அவிழ்ந்திருந்தது. கோவளத்தின் ஆட்டக்காரன் அவரைத் தாண்டி ஓடி கோல் போட்டான். கோல் போட்டவன் கையை உயர்த்திச் சுவரைப் பார்த்து ஓடி, பாதியில் நின்று, திரும்பி நடந்தான்.

இடைவேளை. எங்கள் ஆட்கள் பழக்கத்தில் எழுந்தார்கள். நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் ஓரமாக மறுபக்கம் நடக்கத் தொடங்கினார்கள். வேப்பமரம் வரை வந்தபிறகுதான், எதிரே யாரும் வரவில்லை என்பது உறைத்தது. ஓரிருவர் சிரித்தார்கள். யாரோ, "வாங்கப்பா, நமக்கு நாமளே மிட்டாய் குடுத்துக்கலாம்" என்றார். கொஞ்சப் பேர் தொடர்ந்து நடந்தார்கள், கொஞ்சப் பேர் திரும்பினார்கள்.

மகள் மரத்தடியில் நின்று கையை நீட்டியபடி இருந்தாள். அவருக்கு அவள் வைத்த பெயர் பழத் தாத்தா. அவர் தனக்கு உண்மையிலேயே தாத்தா என்று அவளுக்குத் தெரியாது.

"பழத் தாத்தா எங்கம்மா?"

"இன்னிக்கு வரல கண்ணு."

"ஏன்?"

"லீவு."

நீட்டிய கையை நான்தான் மடக்கி, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது பாதியில் குழந்தைகள் கேட் பக்கம் ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தார்கள். நான் ஒவ்வொரு நிமிடமும் என் மகளின் மஞ்சள் கவுனைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவள் என்னிடம் வந்தபோது கன்னம் உப்பியிருந்தது. உதட்டில் பிசுபிசுப்பு.

"வாயில என்ன? யார் குடுத்தா?"

"பழம்மா. தாத்தா பழம்."

"தாத்தாதான் வரலையே. துப்பு."

அந்த வாரம் முழுக்கக் குழுவில் எச்சரிக்கைகள். தெரியாதவர்கள் கொடுக்கும் எதையும் குழந்தைகள் சாப்பிட விடாதீர்கள் என்று யாரோ எங்கிருந்தோ வந்ததை அனுப்பியிருந்தார்கள். நான் அதை இரண்டுமுறை படித்தவள். அவள் துப்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தை அழுத்தி, விரலை உள்ளே விட்டு, வழித்து எடுத்து, மண்ணில் எறிந்தேன். பாட்டில் தண்ணீரால் வாயைக் கழுவிவிட்டேன். அவள் அழுதாள். அழட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

இரண்டுக்கு ஒன்று. கோவளம் ஜெயித்தது. ஆட்டக்காரர்கள் கை குலுக்கினார்கள், வண்டி ஏறினார்கள். கூட்டம் கலைந்து கேட் பக்கம் போனபோது, காவலாளி யாரிடமோ சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாப்ள பேரு தெரியாத மாமனார நா இன்னிக்குத்தான் சார் பாக்கறேன்."

நான் நின்றேன். "யாரு அண்ணா?"

"ஒரு பெரியவர் மேடம். வெள்ளச் சட்ட. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டாரு. வெளியூர்க்காரங்கள வுடமாட்டோம்னேன். பொண்ணு வூடு இங்கதாம்பான்னாரு."

"பொண்ணுன்னா சொன்னாரு?"

"ஆமா மேடம். எம்பொண்ணு இங்கதான் கீதுன்னாரு. சரி, எந்த பிளாக், எந்த நம்பருன்னேன். தெரியலன்னாரு. பேரு சொன்னாரு. வாடக வூட்டுக்கெல்லாம் சாருங்க பேருதான் மேடம் இதுல வரும். மாப்ள பேரச் சொல்லுங்கன்னேன். அஞ்சாம் நம்பர் சட்ட போட்டுகினு ஆடுவாருன்னாரு. ஆடிகினு இருக்கற ஆள நா எப்படிக் கூப்புடறது?"

"மைக்ல சொல்லியிருக்கலாமே."

"நா சொன்னேன் மேடம், பொண்ணு பேர மைக்ல சொல்லச் சொல்றேன்னு. வேணாம், அதுங்க பேரு கெட்டுடும்னுட்டாரு. எதிர டீக்கடைல குந்திகினு இருந்தாரு. ஆப்-டைம் விசில் அடிச்சதும் எழுந்து வந்து ஒரு பொட்டலத்தக் குடுத்தாரு. யாருக்குன்னேன். கொழந்தைங்களுக்குன்னாரு. பேரீச்சம்பழம் மேடம். கொட்டையெல்லாம் எடுத்துட்டுக் கீது, பாருங்க, எவ்ளோ பொறுமை! பசங்களுக்கெல்லாம் குடுத்துட்டேன். ஒங்க பாப்பாகூட ரெண்டு வாங்கிக்கிச்சே."

நான் மைதானத்துக்குத் திரும்பிப் போனேன். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். நான் எறிந்த இடம் எனக்குத் தெரியும். அதன்மேல் எறும்பு மொய்த்திருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படியில் நின்று கடைக்குப் போன் செய்தேன். அத்தா தன் கைபேசியில் என் எண்ணை எப்போதோ தடுத்துவிட்டார். கடையின் பழைய எண் சிறுவயதிலிருந்தே எனக்கு மனப்பாடம்.

"கடை" என்றார்.

"அத்தா."

பின்னால் யாரோ, "பாய், நைலான் கயிறு இருக்கா?" என்று கேட்டார்கள். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"மேட்ச் என்ன ஆச்சு?" என்றார்.

ஆட்டக்காரர்கள் அன்றைக்கே ஊர் திரும்பியிருப்பார்கள். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

"ரெண்டு ஒண்ணு. நீங்கதான்."

"அஞ்சாம் நம்பர்?"

"சரியா ஆடல அத்தா. லேஸ் அவுந்துடுச்சு. யாரும் சொல்லல."

மூக்கால் ஒரு சத்தம். சிரிப்பாகவும் இருக்கலாம்.

"புள்ள பழம் சாப்டுச்சா?"

என் விரலில் அந்தப் பிசுபிசுப்பு இன்னும் இருந்ததுபோல் இருந்தது.

"சாப்டா அத்தா. ரெண்டு."

"கொட்டை எடுத்துதான் வச்சிருந்தேன்."

"தெரியும்."

"பாய், கயிறு" என்றது பின்னாலிருந்த குரல். நான் அவசரமாக, "பி பிளாக் அத்தா. மூணாவது மாடி. முப்பத்திரண்டு. கேட்ல இதை மட்டும் சொன்னா போதும். பி முப்பத்திரண்டு" என்றேன்.

"இருப்பா, தரேன்" என்றார் அவர். கடைக்கு வந்தவரிடம் சொன்னாரா, என்னிடம் ஏதாவது சொல்ல வந்தாரா, தெரியவில்லை. பிறகு, "அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். தோற்ற அணியின் ரசிகர்கள் திரும்பிப் போகும்போது சொல்வார்கள் அப்படி. அவர் அணி ஜெயித்திருந்தது. போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை கூப்பிட்டேன். கடையில் வேலை செய்யும் ஆள்தான் எடுத்தார். பாய் சாப்பிடப் போயிருக்கார், பாய் தொழுகைக்குப் போயிருக்கார். நான் யாரென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டில் 'எம்பொண்ணு' என்று ஒரு தடவை சொன்னதே அவருக்குப் பாரமாகிவிட்டதோ, நான் வீட்டு எண்ணைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. மைதானத்துக்கு வருவதற்கு அவருக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை. வீட்டு வாசலுக்கு வருவது வேறு விஷயம்.

இந்த ஆண்டும் மழை முடிந்து தரை காய்ந்துவிட்டது. போன வாரம் குழுவில் தலைவர் எழுதியிருந்தார். தங்கள் ஊர் ஆட்கள் வர முடியாத இடத்தில் ஆடுவதில்லை என்று கோவளம் அணி சொல்லிவிட்டதாம். பக்கத்துக் குடியிருப்புகளின் அணிகள் மட்டும் ஆடுகின்றன. "எனவே இந்த ஆண்டு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அனைவரும் குடும்பத்துடன் வரலாம்." கீழே நிறையக் கட்டைவிரல்கள்.

வரும் ஞாயிறு ஆட்டம். கணவர் ஷூவுக்குப் புது லேஸ் வாங்கி வந்திருக்கிறார். மகள் இப்போது முழு வாக்கியம் பேசுகிறாள். பழத் தாத்தாவுக்கு லீவு முடிந்துவிட்டதா என்று கேட்கிறாள்.

கேட்டிலிருந்து அழைப்பு வந்தால் கேட்கும் சத்தத்தை மட்டும் என் போனில் குறைப்பதே இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில்கூட அடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பெயரைப் பார்க்கிறேன். தண்ணீர் கேன். கூரியர். சம்மதம் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைக்காமல், திரை மேலே தெரியும்படி மேஜையில் வைக்கிறேன்.